வெள்ளிக்கிழமை இரண்டு மணிச் செய்தி

வெள்ளிக்கிழமை பிற்பகல் சரியாக இரண்டு மணிக்குத் தமிழ்நாடு முழுக்க மூவாயிரத்துச் சொச்சம் பேரின் போனில் ஆவுடைநாயகம் பேசுவார். அந்த நேரத்தில் அவர் பெரும்பாலும் குறிஞ்சி ரயில் நிறுவனத்தின் எழும்பூர் அலுவலகக் கேன்டீனில், தயிர்சாதத்துக்கு இன்னொரு துண்டு ஊறுகாய் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருப்பார். போனில் பேசுவது அவர் எழுதிய நாலு வரி. கெஞ்சுவதுதான் அவர்.

வயது ஐம்பத்திரண்டு. விசிட்டிங் கார்டில் 'பயணியர் மொழி ஆலோசகர்' என்று இருக்கும். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கழிப்பறையில் தண்ணீர் இல்லை, வருந்துகிறோம்னு போர்டு பாத்திருப்பீங்களே, அதுல அந்த 'வருந்துகிறோம்' நான் எழுதினது" என்பார். கேட்டவர் சிரிப்பார். நாயகத்துக்கு அது போதும். ஆளைச் சிரிக்க வைத்துவிட்டால் அதற்குமேல் எதுவும் பேச வேண்டியதில்லை என்பது அவர் கண்டுபிடித்து வைத்திருந்த வாழ்க்கை ரகசியம்.

குறிஞ்சி நிறுவனம் ஒரு நாளைக்கு நானூறு ரயில் விடுகிறது. காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று இருந்ததையே இப்போதைய கல்லூரிப் பிள்ளைகள் நம்புவதில்லை. அதை ஒழித்தது ஒரு இயந்திரம். அதற்கு ஒரு முழ நீளத்துக்கு அதிகாரப்பூர்வமான பெயர் உண்டு. ஊழியர்கள் ஜோசியர் என்றுதான் சொல்வார்கள். டிக்கெட் எடுத்த ஒவ்வொருவருக்கும் ஜோசியர் ஒரு எண் போடும்: இந்த ஆள் ரயில் ஏற நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு. எத்தனை தடவை டிக்கெட்டைத் திறந்து பார்த்தார், எத்தனை தடவை ரத்து செய்யும் பக்கம்வரை போய்த் திரும்பினார், இப்படி எதையெதையோ பார்த்துப் போடும். தப்பாது. எண் பத்துக்குக் கீழே இறங்கினால் அந்த பெர்த்தைச் சத்தமில்லாமல் இன்னொருவருக்குக் கொடுத்துவிடும்.

"போறவங்களால பிரச்சினை இல்ல நாயகம் சார். போகாதவங்களாலயும் பிரச்சினை இல்ல. பைய எடுத்து வெச்சுக்கிட்டு, போகவா வேண்டாமான்னு வாசல்ல நிக்கிறாங்க பாருங்க, அவங்கதான் தலைவலி" என்று மேலாளர் அவரிடம் சொன்னது இரண்டு வருஷத்துக்கு முன்னால். "அவங்கள ஒரு பக்கமாத் தள்ளி விடுற மாதிரி நாலு வரி வேணும்."

முதலில், 'மதிப்பிற்குரிய பயணி அவர்களே, தாங்கள் தங்கள் பயணத்தை' என்று ஆரம்பித்து எழுதினார். நூற்றில் இரண்டு பேர்கூட அசையவில்லை. பிறகு ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிந்திய அரைத் தூக்கத்தில், எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் இப்படி எழுதினார்:

'இன்னைக்குக் கெளம்பணுமான்னு யோசனையா இருக்கா? மனசு ஒப்பலன்னா விட்டுருங்க. ரயில் எங்க போயிரப் போகுது, நாளைக்கும் இதே நேரத்துக்கு வரும். சாப்பிட்டுட்டு நல்லாத் தூங்குங்க.'

கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். நூற்றில் நாற்பத்தொரு பேர் சரி என்று அழுத்தினார்கள். பெர்த்துகள் மளமளவென்று காலியாகி, வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. நிறுவனம் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தது. இன்றைக்கும் அது அவர் மேஜையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

ஜோசியரைப் பராமரிக்கும் பெண் நிறைமதி. முப்பது வயதுக்குள்தான். மாடியிலிருந்து கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை இறங்கி வந்தாள்.

"சார், ஒரு அம்மா இருபத்துமூணு வாரமா வெள்ளிக்கிழமைக்கு புக் பண்றாங்க. இருபத்துமூணு வாரமும் உங்க செய்தி போனதும் 'சரி' அழுத்திடறாங்க. தென்காசியிலேருந்து சென்னைக்கு. ஏதாவது மோசடியான்னு பாக்கச் சொல்லி மேலேருந்து வந்திருக்கு."

"நம்ம ரயில்ல ஏறாம இருக்கிறது மோசடியா? புத்திசாலித்தனம்மா அது."

அவள் சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினாள். குழல்வாய்மொழி திருமலைமுத்து. வயது ஐம்பத்தெட்டு.

நாயகத்துக்குச் சொல்ல இருந்த அடுத்த ஜோக் மறந்துபோனது. குழல்வாய்மொழி என்ற பெயர் தென்காசிப் பக்கம் நிறைய உண்டு. ஆனால் திருமலைமுத்துவைக் கட்டிக்கொண்ட குழல்வாய்மொழி ஒருத்திதான். அவருடைய கூடப்பிறந்த அக்கா.

"தெரிஞ்சவங்களா சார்?"

"எங்க அக்கா."

"அட! அப்ப போன் பண்ணிக் கேட்டுருங்க. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

"ஆறு வருஷமாப் பேச்சு இல்லம்மா."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒரு ஜோக் சொன்னேன்."

அவள் அதையும் ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். நாயகம் சொல்லவேண்டியதாயிற்று.

அக்கா மகள் கல்யாண வரவேற்பில் யாரோ அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கொடுத்திருக்கக் கூடாது. அத்தான் பஸ் கண்டக்டர். வேறு யாரோ செய்த தப்புக்கு ஒரு தடவை மூன்று மாதம் சஸ்பெண்டில் இருந்தவர். அந்த விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. நாயகம் மைக்கில் சொன்னார்: "எங்க அத்தான் மாதிரி கடமை தவறாத கண்டக்டர் உலகத்துலயே கெடையாது. மூணு மாசம் சஸ்பெண்டுல வீட்ல இருந்தப்பகூட, எங்க அக்கா புள்ளைகள பாத்து 'உள்ள போ, உள்ள போ'ன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு விநாடி தாமதமாகச் சிரித்துவிட்டு, ஒருவர் காதில் ஒருவர் குனிந்தார்கள். அத்தான் மேடையிலிருந்து இறங்கி, சாப்பிடாமல், மண்டப வாசலில் செருப்புகளைப் பார்த்தபடி நின்றிருந்தார். நாயகம் போய், "என்ன அத்தான், ஒரு தமாசுக்குத்தானே" என்றார். மன்னிப்பு என்று அன்றைக்கு அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

"நல்ல ஜோக்குதான் சார்" என்றாள் நிறைமதி மெதுவாக.

"அதாம்மா பிரச்சினை."

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். அக்கா இருபத்துமூன்று வாரம் அவரைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறாள். சென்னையில் அவளுக்கு வேறு யாரும் இல்லை. ஒவ்வொரு வாரமும் அவள் வாசலில் பையோடு நிற்கும்போது, மனசு ஒப்பலன்னா விட்டுரு, போய்த் தூங்கு என்று திருப்பி அனுப்பியது அவரே. கூலிக்கு. கேடயத்தோடு.

"போன் பண்ணுங்க சார். ரெண்டு நிமிஷ வேலை."

"என்னன்னு பேச?"

"நீங்கதான சார் மொழி ஆலோசகர்?"

நாயகம் போனை எடுத்தார். அக்காவின் எண்வரை போனார். கட்டைவிரல் அங்கேயே நின்றது. அவருக்கு ஜோசியர் அந்த நேரத்தில் ஒரு எண் போட்டிருந்தால் பூஜ்யத்துக்குக் கீழேயும் எண் உண்டா என்று தேடியிருக்கும். போனை வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த குறுக்கு வழியைக் கேட்டார்.

"அவளுக்கு மட்டும் அந்தச் செய்தி போகாம நிறுத்த முடியுமா?"

"சோதனைக்குன்னு சொல்லி விலக்கி வெக்கலாம். பெர்த்தயும் ஜோசியர் தொடாது." அவள் விரல் ஓடியது, நின்றது. "சார், இந்த வாரம் ரெண்டு டிக்கெட். கூட ஒரு ஆண், வயசு அறுபத்துமூணு."

அத்தான்.

"நிறுத்தும்மா" என்றார் நாயகம். "ரெண்டு பேருக்கும். ஒரு சொல் போகக் கூடாது. தானா வரட்டும்."

அந்த வாரம் முழுக்க அவர் கேன்டீனில் ஊறுகாய்கூடக் கேட்கவில்லை. மனசுக்குள் ஒரே ஒரு வரியைத்தான் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். அத்தானைப் பார்த்ததும் சொல்ல வேண்டிய வரி. அதில் ஜோக் இருக்கக் கூடாது. முப்பது வருஷமாக எழுதிப் பிழைக்கிற மனுஷனுக்கு 'மன்னிச்சிருங்க அத்தான்' என்ற இரண்டு வார்த்தையைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. அதையே வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். திரையைப் பார்த்தால் ராசி கெட்டுவிடும் என்று பயம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழும்பூரில் தென்காசி ரயில் வந்து நின்றபோது, எஸ் நாலு பெட்டியின் வாசலில், கையில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். அத்தானுக்குச் சர்க்கரை போடாத காபி. அக்கா எடுத்திருந்த பதினேழு, பதினெட்டாம் நம்பர் பெர்த்தில் இருந்து ஒரு புதுமண ஜோடி இறங்கியது. அந்தப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு ஈரம்கூடக் காயாததுபோல் இருந்தது.

"இந்த பெர்த்து..." என்றார் நாயகம்.

"ஆமா அங்கிள், கடைசி நேரத்துல கெடச்சுது. சரியான லக்கு!" என்றான் பையன்.

நாயகம் காபியை அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். சர்க்கரை இல்லையே என்று அந்தப் பெண் முகம் சுளித்தாள்.

அதற்கப்புறம் அக்கா டிக்கெட் எடுக்கவே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், பத்து வாரம். நாயகம் மெல்ல மெல்ல ஆறுதல் தேடிக்கொண்டார். செய்தி போகாதபோதும் வரவில்லை என்றால், செய்தியின் மேல் தப்பில்லை. அவளுக்கு வர மனசில்லை, அவ்வளவுதான். நிறைமதியிடமும் அப்படியே சொன்னார். அவள் கணினியை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ஊறுகாய் கேட்கும் பழக்கம் திரும்பி வந்துவிட்டது.

'சரி' அழுத்தினாலும், தானாக ரத்து செய்தாலும் கடைசியில் வரும் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. 'ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' யாரும் அதில் எழுத மாட்டார்கள். எழுதினால், 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று உடனே ஒரு பதில் போகும். அந்தப் பதிலும் நாயகம் எழுதியதுதான். வந்த கருத்துகள் எல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூட்டையாக அவருக்கு வந்து சேரும். மிக முக்கியமான கருத்துகளுக்கு அப்படித்தான் மரியாதை. பத்தைப் படித்துவிட்டு மூட்டையை மூடிவிடுவது வழக்கம்.

இந்த முறையும் பத்தோடு மூடியிருப்பார். ஏழாவது தென்காசியிலிருந்து, அக்கா பெயரில் வந்தது. அந்தப் பெயரைத் தட்டியதும் பழைய மூட்டைகளில் கிடந்ததும் சேர்ந்து இருபத்துநாலு வந்து விழுந்தது.

'சாப்பிட்டேன் தம்பி. நீ சாப்பிட்டாயா?'

'இன்று அத்தானுக்கு முழங்கால் வலி. அடுத்த வாரம் பார்க்கலாம்.'

'ரயில் எங்கே போய்விடப் போகிறது என்று, நான் காலேஜ் போகும்போது தினமும் காலையில் சொல்வாயே. படித்ததும் நீதான் என்று தெரிந்துவிட்டது.'

'மாவு அரைத்துவிட்டேன். விட்டுவிட்டு வர முடியாது. நீயும் நன்றாகத் தூங்கு.'

'அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்து நன்றாயிருக்கிறது என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.'

'அத்தான் இன்று தானே கேட்டார், உன் தம்பி எழுதினானா என்று.'

'அடுத்த வாரம் அத்தானும் வருகிறேன் என்கிறார். இரண்டு டிக்கெட் எடுக்கிறேன்.'

ஒவ்வொன்றின் கீழும்: உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்.

கடைசி:

'இந்த வாரம் நீ எழுதவில்லை. அத்தான் சட்டை போட்டுக்கொண்டு நாலு மணிவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டையைக் கழற்றிவிட்டார். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?'

நாயகம் கதவைச் சாத்திக்கொண்டு போன் பண்ணினார். இந்தத் தடவை விரல் நிற்கவில்லை. நிற்க நேரம் கொடுக்கவில்லை.

"யாரு?"

"அக்கா, நான்தான்."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"என்னடே, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கேன்."

"அப்பம் சரி. நான் ஒரே கவலையா இருந்தேன்."

"அக்கா, அந்தச் செய்தி... அது உனக்குன்னு எழுதினது இல்லக்கா. மூவாயிரம் பேருக்குப் போகும்."

"தெரியும்டே. எதுத்த வீட்டு டீச்சருக்கும் வந்துச்சு, அதே நாலு வரி. எனக்கு என்ன, கூறு கெட்டா போச்சு? சத்தம் ஒன்னோடதுல்லா. வாரத்துக்கு ஒரு நாள் ஒன் சத்தத்தக் கேக்கணும்னுதான் டிக்கெட்டு போடுவேன். என்னைக்காவது ஒரு வாரம் 'வா'ன்னு எழுத மாட்டியான்னும் பாப்பேன்."

நாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடைசி வாரம் நான்தான்க்கா நிறுத்தச் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் வரணும்னுதான். அதப் படிச்சிட்டுத்தான் நீ வராம இருக்கேன்னு நெனச்சேன்."

"அப்படியா?" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. கணக்கைத் திருத்திக்கொள்ளும் குரல் அது. "அத எழுதியிருக்கலாம்லாடே."

"அத்தான் இருக்காங்களா? அவங்ககிட்டக் குடேன். ஒரு வார்த்த பேசணும்."

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

"அவுக போயிட்டாகடே. ஏழு வாரம் ஆச்சு. காலம்பற பேப்பர் படிச்சுக்கிட்டே இருந்தாக, அப்படியே சாஞ்சுட்டாக."

நாயகத்தின் வாய் திறந்தபடி இருந்தது. அதில் அந்த இரண்டு வார்த்தையும் இருந்தன.

"எனக்கு ஏன்க்கா சொல்லல?"

"சொல்லி நீ வராம இருந்தேன்னு வையி, கூடப்பொறந்தவன் துட்டிக்கு வரலன்னு சனம் ஒன்ன ஏசும். சொல்லலன்னா ஏச்சு என்னோட போயிரும்லா. அதான் விட்டுட்டேன்."

"கோடி யாரு போட்டா?"

புருஷன் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து கூடப்பிறந்தவன் கொண்டுவந்து அக்காவின் தோளில் போட வேண்டிய சேலை. வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது.

"பெரியப்பா மகன் போட்டான். கைல ஆம்புட்டத எடுத்துட்டு வந்தான், பாவம். விடு."

நாயகம் அழுதார் என்று சொல்லலாம். ஆனால் அவர் அழுதால் கனைப்பதுபோல்தான் இருக்கும். அக்காவுக்கு அது தெரியும். அவள் காத்திருந்தாள்.

"அத்தான் என்னப் பத்தி ஏதாவது சொன்னாங்களாக்கா?"

"சட்டையக் கழத்தும்போது ஒண்ணு சொன்னாக. 'அவன் மைக்குல பேசினதக்கூட மறந்துட்டேன் மொழி. வாசல்ல வந்து தமாசுன்னான் பாரு, அதத்தான் மறக்க முடியல'ன்னு." அக்கா மூச்சு விட்டாள். "வேற ஒண்ணும் இல்ல. நீ சாப்பிட்டியா?"

"நான் வாரேன்க்கா. இந்த வெள்ளிக்கிழமை ரயில்ல."

"வா" என்றாள் அக்கா. அதை அவள் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள் என்று நாயகம் கவனித்தார். ஒற்றை எழுத்து. சம்பளத்துக்கு ஆள் வைத்து எழுதவேண்டியதே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நிறைமதி மாடியிலிருந்து ஓடி வந்தாள். நாயகம் மேஜைக்கு அடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டிருந்தார். பை கனமாக இருந்தது. முதல் நாள் ஒரு ஜவுளிக்கடையில் ஏறி இறங்கி ஒரு சேலை எடுத்திருந்தார். என்ன விசேஷம் சார் என்று கேட்ட விற்பனைப் பெண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியாமல், அவள் எடுத்துப்போட்டதற்கெல்லாம் தலையாட்டி, கடைசியில் ஒன்றுக்கு நாலாக வாங்கி வந்திருந்தார்.

"சார், இன்னைக்கு டிக்கெட் போட்டிருக்கீங்களா? ஜோசியர் உங்களுக்கு ஒன்பது போட்டிருக்கு. பெர்த் போயிருச்சு."

"யாருக்கு?"

"யாரோ கைக்குழந்தையோட ஒரு அம்மா, மதுரைக்கு."

"நல்லதாப் போச்சு. படுத்துட்டுப் போகட்டும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா விலக்கி வெச்சிருப்பேனே சார்?"

"ஒரு தடவ விலக்கி வெச்சது போதும்மா."

"இப்ப எப்படிப் போவீங்க? வேற பெர்த் இல்ல. வந்து நின்னா டிடிஇ ஏத்திக்குவாரு, ஆனா கதவுப் பக்கம் நின்னுக்கிட்டுத்தான் போகணும். பதினொரு மணி நேரம்."

"நின்னுக்குறேன்" என்றார் நாயகம். "ஆறு வருசமா உக்காந்துதான இருந்தேன்."

நிறைமதி சிரித்தாள்; அவர் எது சொன்னாலும் சிரித்துப் பழகியிருந்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டு லிப்ட் வரைக்கும் கூடவே நடந்தாள்.